வெள்ளைத் திமிங்கலத்தைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து நாவல் படிக்கிறோம். ஹெர்மன் மெல்வில் எழுதிய ‘மோபி டிக்’கை இதுவரை மூன்று தடவை முழுதாகப் படித்து முடித்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் புதிதாக வருகிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே தந்திருக்கிறேன். கதையின் முடிவும் இதில் வரும். அது தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் முதலில் நாவலைப் படித்துவிட்டு வாருங்கள்.

கதை என்ன? ஒரே மூச்சில் சொல்ல முடியுமா?

முடியும். அமெரிக்காவின் நான்டக்கெட் தீவிலிருந்து பீக்வாட் என்ற கப்பல் திமிங்கல வேட்டைக்குக் கிளம்புகிறது. கதை சொல்லும் இஸ்மவேல் அதில் சாதாரண மாலுமி. தலைவன் ஆகாப், முந்தைய பயணத்தில் மோபி டிக் என்ற திமிங்கலத்திடம் ஒரு காலை இழந்தவன். கப்பல் நடுக்கடலுக்கு வந்த பிறகுதான், எண்ணெய்க்காக வரவில்லை, அந்த ஒரு திமிங்கலத்தைக் கொல்லத்தான் வந்திருக்கிறோம் என்று ஆட்களிடம் சொல்கிறான். பாதி உலகத்தைச் சுற்றித் தேடுகிறார்கள். கடைசி மூன்று நாள் துரத்துகிறார்கள். மூன்றாம் நாள் திமிங்கலம் கப்பலை மோதி உடைக்கிறது. இஸ்மவேல் ஒருவன் மட்டும் பிழைக்கிறான்.

பைபிள் தெரிந்தவர்களுக்குப் பெயர்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஆகாப், நாய்கள் வந்து இரத்தத்தை நக்கிய அந்த ராஜாவின் பெயர். இஸ்மவேல், வனாந்தரத்துக்குத் துரத்தப்பட்ட பிள்ளையின் பெயர்.

இதெல்லாம் நடக்குமா? திமிங்கலம் கப்பலை முட்டி உடைக்குமா?

நடந்திருக்கிறது. 1820 நவம்பர் 20 அன்று பசிபிக் கடலில் எஸெக்ஸ் என்ற நான்டக்கெட் கப்பலை, மோபி டிக்கின் இனமான ஸ்பெர்ம் திமிங்கலம் ஒன்று மோதி மூழ்கடித்தது. 20 பேர் சிறு படகுகளில் தப்பினார்கள். மேற்கே இருந்த தீவுகள்தான் அருகில். அங்கே நரமாமிசம் தின்பவர்கள் இருப்பார்கள் என்று பயந்து, தென் அமெரிக்காவை நோக்கி நீண்ட வழியில் போனார்கள். பசி தாங்காமல் கடைசியில் செத்த தோழர்களையே தின்றார்கள், ஒருவனைச் சீட்டுப் போட்டுக் கொன்றும் தின்றார்கள். பிழைத்தவர்கள் 8 பேர். முதல் துணைவர் ஓவன் சேஸ் 1821இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். மெல்வில் 1841இல் அகுஷ்நெட் என்ற வேட்டைக்கப்பலில் மாலுமியாகப் போனபோது, சேஸின் மகனைக் கடலில் சந்தித்து அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்தார்.

சிலி நாட்டு மோச்சா தீவருகே திரிந்த மோச்சா டிக் என்ற வெள்ளைத் திமிங்கலத்தைப் பற்றியும் 1839இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வந்திருந்தது. இன்னொரு சேதி எனக்கு எப்போதும் மயிர்க்கூச்செறிய வைப்பது. 1851 ஆகஸ்டில் ஆன் அலெக்சாண்டர் என்ற கப்பலையும் திமிங்கலம் மூழ்கடித்தது. நாவல் நியூயார்க்கில் வெளியாக இருந்த நவம்பரில்தான் அந்தச் செய்தி மெல்விலுக்கு எட்டியது. தன்னுடைய பொல்லாத கலைதான் இந்தப் பூதத்தை எழுப்பிவிட்டதோ என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

திமிங்கலத்தை எதுக்குப் பிடிச்சாங்க? கறிக்கா?

விளக்குக்கு. அந்தக் காலத்தில் வீடு, தெரு, கலங்கரை விளக்கம் எல்லாவற்றுக்கும் திமிங்கல எண்ணெய் வேண்டியிருந்தது. இயந்திரங்களுக்கு மசகும் அதுதான். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் தலைக்குள் மெழுகு போன்ற ஒரு பொருள் இருக்கிறது. பெரிய திமிங்கலத்தின் தலையில் ஐந்நூறு காலன் வரை கிடைக்கும் என்று நாவலே சொல்கிறது. புகையில்லாமல் எரியும் உயர்ந்த மெழுகுவத்திகள் அதிலிருந்து வந்தன.

நம் பக்கத்துச் செய்தித்தாள்களில் ‘திமிங்கல வாந்தி’ கடத்தியவர் பிடிபட்டார் என்று அடிக்கடி வருகிறதே, அந்த அம்பரும் இதே ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உண்டாவதுதான். இந்தியாவில் அதை விற்பது சட்டப்படி குற்றம். நாவலில் இரண்டு அத்தியாயங்கள் அதைப் பற்றியே வருகின்றன.

மோபி டிக் முழு வெள்ளையா?

இல்லை. அட்டைப்படங்கள் அப்படிப் போட்டுப் பழக்கிவிட்டன. நெற்றியும் திமிலும்தான் பனிபோல் வெள்ளை. மற்ற உடம்பில் அதே நிறம் கோடும் புள்ளியுமாகக் கலந்து கிடக்கிறது. தாடை கோணல். முதுகில் பழைய ஈட்டிகள் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. அந்த ஈட்டிகளை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நடுநடுவே திமிங்கலப் பாடம் வருதே, அதைத் தாண்டிப் படிச்சா பரவாயில்லையா?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பாதிப் பேர் 32ஆம் அத்தியாயத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அங்கே இஸ்மவேல் உலகத்துத் திமிங்கலங்களை எல்லாம் புத்தக அளவுகளைப் போலப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று வகை பிரிக்கிறான். திமிங்கலம் மீன்தான் என்று சாதிக்கிறான். இது தவறு என்று அப்போதே அறிவியல் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மெல்விலுக்கும் தெரியும். கடைசியில் அவனே, இந்த வேலையை முடிக்காமல் விடுகிறேன் என்று விட்டுவிடுகிறான்.

தாண்டாதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்த அத்தியாயங்கள் எல்லாம் ஒரே முயற்சியின் பல தோல்விகள். அளந்து பார்க்கிறான், தலையை வெட்டித் தொங்கவிட்டுப் பார்க்கிறான், எலும்புக்கூட்டுக்குள் நடந்து பார்க்கிறான். கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருக்கின்றனவே, இது ஒரே நேரத்தில் இரண்டு உலகத்தைப் பார்க்குமோ என்று யோசிக்கிறான். முகம் பார்த்துக் குணம் சொல்லலாம் என்று போனால், இதற்கு முகமே இல்லை என்கிறான். இத்தனைக்குப் பிறகும் திமிங்கலம் பிடிபடவில்லை. ஆகாப் அப்படி இல்லை. அவனுக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. ஒன்றை அறிய முடியாமல் தவிப்பவனும், அறிந்துவிட்டதாக நம்பிக் கொல்லப் போகிறவனும் ஒரே கப்பலில் இருக்கிறார்கள். பாடங்களைத் தாண்டினால் ஆகாப் மட்டும்தான் மிஞ்சுவான்.

சரி, முதல் தடவை படிக்கும்போது மூச்சு முட்டினால் 32ஐ மட்டும் ஒத்திவைத்துக்கொள்ளுங்கள். 81, 87 இரண்டையும் விடவே கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அப்ப வில்லன் யாரு? திமிங்கலமா, ஆகாப்பா?

கப்பலின் முதல் துணைவன் ஸ்டார்பக் இதற்குத் தொடக்கத்திலேயே பதில் சொல்கிறான். வாயில்லாத ஜீவன் ஏதோ இயல்பூக்கத்தில் கடித்தது, அதன்மேல் பழிவாங்குவது பைத்தியக்காரத்தனம் என்கிறான். ஆகாப்புக்கு அது எட்டவில்லை. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அட்டை முகமூடி, அதற்குப் பின்னால் ஒரு தீய எண்ணம் ஒளிந்திருக்கிறது, சூரியனே என்னை அவமதித்தாலும் அடிப்பேன் என்கிறான்.

நூறாம் அத்தியாயத்தில் ஓர் ஆங்கிலேயக் கப்பல் வருகிறது. அதன் தலைவர் பூமர், அதே மோபி டிக்கிடம் ஒரு கையை இழந்தவர். ஆகாப்புக்குப் போனது கால், இவருக்குப் போனது கை. ஆனால் இவர் சிரித்துக்கொண்டே கதை சொல்கிறார். மறுபடியும் அந்தத் திமிங்கலத்தைப் பார்த்தேன், ஈட்டியை எடுக்கவில்லை, ஒரு கை போனது போதாதா, அதை அதன் பாட்டுக்கு விட்டுவிடுவதுதான் நல்லது என்கிறார். கூட இருக்கும் மருத்துவரோ, நீங்கள் வன்மம் என்று நினைப்பது அதன் தடுமாற்றம்தான் என்கிறார். காயம் ஒன்று, மனிதர்கள் இரண்டு. இந்த அத்தியாயத்துக்குப் பிறகு திமிங்கலத்தை வில்லன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனா கடைசியில அது கப்பலையே உடைக்குதே. பழிவாங்காம வேற என்ன?

மூன்றாம் நாளை மெதுவாகப் படியுங்கள். மோபி டிக் கப்பலைத் தாண்டித் தன் வழியில் நேராக நீந்திப் போய்க்கொண்டிருக்கிறது. ஸ்டார்பக் கத்துகிறான்: பாருங்கள், அது உங்களைத் தேடவில்லை, நீங்கள்தான் அதைத் தேடுகிறீர்கள். அதற்குப் பிறகும் ஆகாப் ஈட்டியை எறிகிறான். அப்புறம்தான் அது திரும்புகிறது. தன்னைத் துன்புறுத்திய எல்லாவற்றுக்கும் மூலம் இந்தக் கப்பல்தான் என்று கண்டதுபோல அதன்மேல் பாய்ந்தது என்று எழுதுகிறார் மெல்வில். “கண்டதுபோல” என்பதில்தான் இருக்கிறது சங்கதி. கண்டது என்று அவர் அடித்துச் சொல்லவில்லை.

திமிங்கலத்துக்கு ஒன்றுமே புரியாது என்றும் நான் சொல்ல மாட்டேன். வடபசிபிக் வேட்டைக்கப்பல்களின் பழைய நாட்குறிப்புகளை வைத்து 2021இல் ஓர் ஆய்வு வந்தது. புதிய பகுதிக்குள் வேட்டைக்காரர்கள் நுழைந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, கண்ணில் பட்ட திமிங்கலத்தை ஈட்டியால் குத்தும் வெற்றி பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. ஆபத்தைத் தெரிந்துகொண்டவை மற்றவற்றுக்கும் அதைக் கடத்தியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். முதுகில் ஈட்டிகளைச் சுமந்து திரியும் ஒரு விலங்கு மரக்கலத்தைக் கண்டு வெறிகொள்வதற்குப் பழி என்று பெயர் வைப்பதா, நினைவு என்று வைப்பதா? எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது.

கல்லூரியில் திமிங்கலம்னா கடவுள், விதி, இயற்கைன்னு சொல்லிக் கொடுத்தாங்க. நீங்க என்ன சொல்றீங்க?

அவர்கள் சொன்னதில் தப்பில்லை. நாவலே அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் 99ஆம் அத்தியாயத்தையும் கூடவே படிக்கச் சொல்வேன். மோபி டிக்கை முதலில் கண்டு சொல்பவனுக்கு என்று ஆகாப் ஒரு தங்கக் காசைப் பாய்மரத்தில் அறைந்து வைத்திருக்கிறான். ஒவ்வொருவராக வந்து அந்தக் காசை உற்றுப் பார்க்கிறார்கள். பக்திமான் அதில் திரித்துவத்தைக் காண்கிறான். இன்னொருவன் அதற்கு எத்தனை சுருட்டு வாங்கலாம் என்று கணக்குப் போடுகிறான். ஆகாப் அதிலுள்ள மலையையும் கோபுரத்தையும் பார்த்து, எல்லாம் ஆகாப் என்கிறான். காசு காசாகவே இருக்கிறது.

திமிங்கலத்துக்கும் அதுதான் நேர்கிறது. அதைக் குறியீடாக மட்டுமே பார்த்த முதல் வாசகன் ஆகாப். அவனால் முப்பது பேர் போனார்கள். அதனால் நான் எங்கள் கூட்டத்தில் எப்போதும் கேட்டுக்கொள்வது இதை ஒன்றுதான்: முதலில் திமிங்கலத்தைத் திமிங்கலமாகப் படியுங்கள். மூச்சுவிட மேலே வரும், பால் கொடுக்கும், குத்தினால் வலிக்கும் ஓர் உயிர். கடவுளும் விதியும் அப்புறம் வரட்டும்.

மெல்வில் வேட்டைக்கு ஆதரவா, எதிர்ப்பா? எனக்குப் புரியவே இல்லை.

உங்களுக்குப் புரியாதது உங்கள் குறை இல்லை. புத்தகத்தின் இதயமே இந்த இடம்தான். வேட்டைக்காரர்களின் துணிச்சலை மெல்வில் மனதாரப் புகழ்கிறார். வேட்டைக்கப்பல்தான் என் பல்கலைக்கழகம் என்று இஸ்மவேல் பெருமைப்படுகிறான். பீக்வாட் கப்பலே பாதி திமிங்கலம். அதன் ஓரங்களில் திமிங்கலப் பற்கள் ஆப்புகளாக இருக்கின்றன, சுக்கானைத் திருப்பும் தண்டு திமிங்கலத் தாடையில் செதுக்கியது. ஆகாப் ஊன்றி நிற்கும் பொய்க்காலும் திமிங்கலத்தின் தாடையெலும்புதான். எதை வெறுக்கிறானோ அதன்மேல்தான் நிற்கிறான்.

81ஆம் அத்தியாயத்துக்கு வாருங்கள். ஒரு கிழட்டுத் திமிங்கலம். ஒரு பக்கத் துடுப்பு இல்லை, வெறும் மொட்டை. இரண்டு கண்ணும் குருடு. அதைத் துரத்திக் குத்துகிறார்கள். பக்கவாட்டில் இருந்த புண்ணை ஒருவன் வேண்டுமென்றே குத்திப் பார்க்கிறான். இவ்வளவு முதுமை, ஊனம், குருடு எல்லாம் இருந்தும் அது கொலையுண்டே ஆக வேண்டும். மனிதர்களின் கல்யாணங்களுக்கும், எல்லோரும் எல்லோரிடமும் சாந்தமாக இருக்க வேண்டும் என்று போதிக்கிற தேவாலயங்களுக்கும் விளக்கு எரிய வேண்டுமே என்கிறான் இஸ்மவேல். உடம்பைக் கீறும்போது யாரோ எந்தக் காலத்திலோ எறிந்த கல் ஈட்டிமுனை கிடைக்கிறது. கடைசியில் பிணம் மூழ்க ஆரம்பித்துக் கப்பலையும் சாய்க்கிறது. அறுத்து விட்டுவிடுகிறார்கள். ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கிடைக்கவில்லை.

87ஆம் அத்தியாயம் இதற்கு நேர் எதிர். இந்தோனேசியாவின் சுந்தா நீரிணையைத் தாண்டி ஒரு பெருங்கூட்டத்தைத் துரத்துகிறார்கள். அடிபட்ட திமிங்கலம் ஒன்று இஸ்மவேலின் படகைக் கூட்டத்தின் நடுவுக்கே இழுத்துப் போய்விடுகிறது. வெளியே கலவரம், நடுவில் குளம்போல் அமைதி. தண்ணீருக்கடியில் தாய்கள் பால் கொடுத்தபடி மிதக்கின்றன. குட்டிகள் வீட்டு நாய்போலப் படகை முகர்ந்துகொண்டு வர, குவீக்வெக் என்ற ஈட்டிக்காரன் நெற்றியைத் தட்டிக் கொடுக்கிறான், ஸ்டார்பக் ஈட்டிமுனையாலேயே முதுகைச் சொறிந்து விடுகிறான். ஒரு குட்டி கயிற்றில் மாட்டியிருப்பதாகக் குவீக்வெக் கத்துகிறான். உற்றுப் பார்த்தால், அது தாயோடு இன்னும் அறுபடாத தொப்புள்கொடி. ஈட்டிக் கயிறும் தொப்புள்கொடியும் ஒன்றுபோலத் தெரிந்த அந்தக் கணத்தை வேட்டைக்குப் போகாத ஒருவரால் எழுதியிருக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் அதே கைகள் மறுபடி குத்தத் தொடங்குகின்றன.

ஆதரவா எதிர்ப்பா என்று கேட்டால், இரண்டையும் ஒரே ஆள் ஒரே கையால் செய்வதை அவர் காட்டுகிறார். 64ஆம் அத்தியாயத்தில் கப்பலின் இரண்டாம் துணைவன் ஸ்டப் திமிங்கலக் கறியைத் திமிங்கல எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் தின்கிறான். அதைப் பார்த்து முகம் சுளிக்கும் வாசகரிடம் அடுத்த அத்தியாயத்தில், மாட்டிறைச்சியை வெட்டும் உங்கள் கத்தியின் பிடி எந்த எலும்பு என்று கேட்டுவிடுகிறார். நம்மையும் கப்பலில் ஏற்றிவிட்டார், அவ்வளவுதான்.

திமிங்கலம் அழியவே அழியாதுன்னு எழுதியிருக்காரே, அது தப்புதானே?

தப்புத்தான். 105ஆம் அத்தியாயத்தில் அமெரிக்கக் காட்டெருமைகள் கண்முன்னே அழிந்ததைச் சொல்லி, திமிங்கலத்துக்கும் அதே கதியா என்று சரியான கேள்வியைக் கேட்கிறார். பிறகு, நான்கு ஆண்டு அலைந்தாலும் ஒரு கப்பல் நாற்பது திமிங்கலம் பிடிப்பதே அரிது, துரத்தினால் துருவப் பனிக்குள் போய் ஒளிந்துகொள்ளும், இனம் சாகாது என்று முடிக்கிறார். கைத்துடுப்புப் படகும் கையால் எறியும் ஈட்டியும் மட்டும் இருந்திருந்தால் அந்தக் கணக்கு ஓரளவு நின்றிருக்கும்.

1859இல் பென்சில்வேனியாவில் பெட்ரோலியக் கிணறு தோண்டி, மண்ணெண்ணெய் பரவியபோது விளக்குக்குத் திமிங்கலம் தேவையில்லாமல் போனது. அத்தோடு தப்பித்திருக்க வேண்டும். ஆனால் நீராவிக் கப்பலும் வெடிக்கும் ஈட்டியும் வந்தன. சோப்புக்கும் மார்கரின் என்ற செயற்கை வெண்ணெய்க்கும் மசகுக்கும் கொன்றார்கள். துருவத்துக்கும் போனார்கள். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் கொல்லப்பட்ட திமிங்கலங்கள் சுமார் 29 லட்சம். வணிக வேட்டையை நிறுத்தச் சர்வதேசத் திமிங்கல வேட்டை ஆணையம் 1982இல்தான் முடிவெடுத்தது. தான் அழியாது என்று நம்பிய உயிருக்காகவே 81ஆம் அத்தியாயத்தில் மெல்வில் இரங்கினார் என்பதை நினைத்தால் அவர்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. எண்ணிக்கை குறைந்த பிறகு இரங்குவது எளிது.

பிள்ளைகளுக்குச் சுருக்கப் பதிப்பு வாங்கித் தரலாமா அக்கா?

தரலாம். ஆனால் நான் பார்த்த சுருக்கங்கள் பெரும்பாலும் துரத்தலை வைத்துக்கொண்டு திமிங்கலத்தை எடுத்துவிடுகின்றன. தாய்களும் குட்டிகளும் இருக்காது, குருட்டுத் திமிங்கலம் இருக்காது. பல் நீண்ட பூதம் மட்டும் இருக்கும். 87ஆம் அத்தியாயத்தை நீங்களே வாய்விட்டுக் கதையாகச் சொல்லிக்கொடுங்கள்.

நம்ம இலக்கியத்துல ஆகாப் மாதிரி ஆள் உண்டா?

எனக்கு அந்தக் காயம்தான் நினைவுக்கு வருகிறது. குறுந்தொகை 269ஆம் பாட்டில், வலிய சுறா எறிந்த புண் ஆறி, அப்பா மறுபடி நீலப் பெருங்கடலுக்குள் போய்விட்டார் என்று வருகிறது. அம்மா உப்பை மாற்றி நெல் கொண்டுவர உப்பளத்துக்குப் போயிருக்கிறாள். வீட்டில் யாரும் இல்லை, தலைவன் வருவதற்கு ஏற்ற நேரம் என்பதுதான் பாட்டின் கவலை. சுறாவின்மேல் கோபம் இல்லை. அந்தச் சுறாவைத் தேடியும் அவர் போகவில்லை. புண் ஆறியது, கடலுக்குப் போனார். மேலே சொன்ன பூமரை இந்தப் பரதவருக்கு நன்றாகப் புரிந்திருக்கும்.

அதற்காக நம்மவர்கள் கடலோடு சமாதானமாக வாழ்ந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. சங்கப் பாட்டில் மீன்பிடிக்கப் போவதற்கே ‘வேட்டம்’ என்றுதான் பெயர். பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு, அதில் உறையும் தெய்வத்தை வணங்குகிறார்கள். கொன்றதன் கொம்பையே கும்பிடுகிறார்கள். தாடையெலும்பின்மேல் நிற்கும் ஆகாப்பையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு பக்கத்துக் கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட குட்டைத் துடுப்புத் திமிங்கலங்கள் ஒதுங்கின. ஸ்பெர்ம் திமிங்கல இனம் இல்லை, உருவத்தில் சிறியவை. மீனவர்கள் படகில் கயிறு கட்டி ஆழத்துக்கு இழுத்துப் போய் விட்டார்கள். பல திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன. ஏன் என்று அங்கே நின்ற யாருக்கும் தெரியவில்லை. அன்று மணலில் பார்த்த ஒரு கண்ணுக்காகத்தான் இந்த நாவலை மறுபடி எடுத்தேன்.

மோபி டிக் கடைசியில் செத்துப்போச்சா?

நாவல் சொல்லவில்லை. ஆகாப் எறிந்த கடைசி ஈட்டியின் கயிறு அவன் கழுத்தையே சுற்றி இழுத்துக்கொண்டு போகிறது. கப்பல் மூழ்குகிறது. கடல் மூடிக்கொள்கிறது. திமிங்கலத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சொல்கூட இல்லை. லண்டனில் 1851 அக்டோபரில் வந்த முதல் பதிப்பில் பின்னுரையும் விடுபட்டுப் போனது. எல்லோரும் செத்திருந்தால் கதை சொன்னது யார் என்று விமர்சகர்கள் மெல்விலைத் திட்டினார்கள்.

அந்தப் பின்னுரை ஒரு பக்கம்தான். குவீக்வெக்குக்காகச் செய்த சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு இஸ்மவேல் ஒரு பகலும் இரவும் மிதக்கிறான். சுறாக்கள் வாயில் பூட்டுப் போட்டதுபோல அவனைச் சுற்றிப் போகின்றன, கடிக்கவில்லை. மறுநாள் ராகேல் என்ற கப்பல் அவனைத் தூக்கிக்கொள்கிறது. திமிங்கலத்தைத் துரத்திப் போய்த் தொலைந்த தன் மகனை அதன் தலைவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.